டெய்சி பிளேயருக்கு யோசனை சொல்வது எப்படி?

பார்வையில்லாதவர்கள் புத்தகம் கேட்பதற்கென்றே செய்யப்பட்ட சிறு கருவிகள் உண்டு. பொதுவாக டெய்சி பிளேயர் என்பார்கள். சட்டைப்பையில் அடங்கும். பல மாடல்களில் திரையே கிடையாது. பட்டன் போனில் இருக்கிற மாதிரி எண் விசைகள், 5-ன் மேல் விரலுக்குத் தட்டுப்படும் ஒரு சிறு புடைப்பு, பேசும் ஒரு குரல், அவ்வளவுதான். கனடாவின் ஹியூமன்வேர் நிறுவனம் 2007-ல் கொண்டுவந்த விக்டர் ரீடர் ஸ்ட்ரீம் இந்த வகையில் பெயர் பெற்றது. அதில் 4, 6 விசைகள் பின்னும் முன்னும் நகர்த்தும். எந்த அளவில் நகர வேண்டும், அத்தியாயமா, பக்கமா, வாக்கியத் துண்டா என்பதை 2, 8 விசைகள் தீர்மானிக்கும். 5-ஐ அழுத்தினால் இப்போது எங்கே இருக்கிறோம் என்று சொல்லும்.

இப்படி ஒரு கருவியைத் தினமும் கையில் வைத்திருப்பவருக்குச் சில நாளிலேயே ஒரு பட்டியல் சேர்ந்துவிடும். “இதில் இது இருந்தால் நன்றாக இருக்குமே.” “அந்த விசை கொஞ்சம் தள்ளி இருக்கக் கூடாதா?” தொழில்நுட்பக்காரர்கள் ஃபீச்சர் ரிக்வெஸ்ட் என்று சொல்வது இதைத்தான். பழுதுப் புகார் வேறு, இது வேறு. வைத்த புத்தகக்குறி மறுநாள் காணாமல் போனால் அது பழுது. இருக்கிற வசதி சரியாக வேலை செய்யவில்லை. புத்தகக்குறியோடு என் குரலிலேயே ஒரு குறிப்பும் பதிந்துவைக்க முடிய வேண்டும் என்றால் அது புது யோசனை. (ஸ்ட்ரீமில் இந்த வசதி ஏற்கெனவே இருக்கிறது.) இரண்டையும் ஒரே கடிதத்தில் குழப்பி எழுதினால் பெரும்பாலும் பழுதுக்கு மட்டும் பதில் வரும். யோசனை கிடப்பில் போய்விடும்.

யோசனை சொல்வதில் என்ன பெரிய வித்தை என்று தோன்றலாம். ஒரு விஷயம் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. நாம் சொல்லும் குறை கருவியின் எந்த அடுக்கில் இருக்கிறது என்பதுதான் அது.

அடுக்குகள் நான்கு. முதலாவது கருவியின் உடம்பு: விசை, ஸ்பீக்கர், பேட்டரி, சார்ஜ் போடும் துளை. இரண்டாவது உள்ளே ஓடும் மென்பொருள். மூன்றாவது எழுத்தைப் பேச்சாக மாற்றும் குரல். நான்காவது, பலரும் மறந்துவிடுவது, புத்தகம்.

புத்தகத்திலிருந்தே தொடங்குவோம், குழப்பம் அதிகம் அங்கேதான். டெய்சி என்பது கருவியின் பெயரல்ல, புத்தகத்தை அமைக்கும் ஒரு முறை. பேசும் புத்தகங்களுக்குப் பொதுவான தரம் வேண்டும் என்று பல நாட்டு நூலகங்கள் சேர்ந்து 1996-ல் டெய்சி கூட்டமைப்பைத் தொடங்கின. கேசட்டில் புத்தகம் கேட்டவர்களுக்குத் தெரியும், ஏழாம் அத்தியாயம் வேண்டுமென்றால் ஓட்டி ஓட்டித் தேட வேண்டும். டெய்சி புத்தகத்தில் ஒலியோடு இணைத்தே தலைப்புகளும் பக்க எண்களும் குறிக்கப்பட்டிருக்கும்; தலைப்புகளை ஆறு நிலைகள் வரை பிரிக்கலாம். பாகம், அத்தியாயம், உட்தலைப்பு என்று தாவித் தாவிப் போகலாம்.

ஆனால் அந்தக் குறிகளை யாரோ ஒருவர் உட்கார்ந்து போட்டிருக்க வேண்டும். “47-ம் பக்கம் போ என்றால் கருவி போக மாட்டேன் என்கிறது, இந்த வசதியைச் சேருங்கள்” என்று கருவி செய்தவருக்கு எழுதினால் பயனில்லை. கருவியில் வசதி இருக்கும். புத்தகத்தில் பக்கக்குறி இருக்காது. கடிதம் போக வேண்டியது அந்தப் புத்தகத்தைத் தயாரித்த நூலகத்துக்கு. தேடுதலும் இப்படித்தான். டெய்சி புத்தகம் ஒலி மட்டும் கொண்டதாக இருக்கலாம், எழுத்து மட்டும் கொண்டதாக இருக்கலாம், இரண்டும் பிணைந்ததாகவும் இருக்கலாம். ஒலி மட்டும் உள்ள புத்தகத்தில் ஒரு சொல்லைத் தேடவோ, அதை எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொல்லவோ முடியாது. உள்ளே எழுத்தே இல்லையே!

உடம்பு சார்ந்த யோசனைகளுக்கு விதி வேறு. அச்சு வார்த்து, பலகை வடிவமைத்து, ஆயிரக்கணக்கில் செய்து முடித்த பொருளில் புதிதாக ஒரு துளை போட முடியாது. அடுத்த தலைமுறை வரை காத்திருக்க வேண்டும், அந்தக் காத்திருப்பு நீண்டதாக இருக்கும். ஸ்ட்ரீமையே பாருங்கள். முதல் மாடல் 2007-ல் வந்தது. வைஃபை உள்ள இரண்டாவது 2013-ல். புளூடூத்தும் யூஎஸ்பி-சி துளையும் கொண்ட மூன்றாவது 2023-ல்தான் வந்தது. இடையில் இணைய வானொலி, பாட்காஸ்ட் போன்றவை இரண்டாம் மாடலுக்கு மென்பொருள் புதுப்பிப்பாகவே வந்து சேர்ந்தன, ஏனென்றால் அதற்கு வேண்டிய வைஃபை பெட்டிக்குள் ஏற்கெனவே இருந்தது. புளூடூத் ஹெட்போன் வேண்டும் என்ற ஆசையை எந்தப் புதுப்பிப்பாலும் தீர்க்க முடியாது. அந்தச் சில்லு உள்ளே இல்லை.

அதற்காக உடம்பு பற்றிய யோசனை வீண் என்று அர்த்தமில்லை. என்னைக் கேட்டால் இந்த வகை யோசனைகளைத்தான் அதிகம் சொல்ல வேண்டும் என்பேன், ஏனென்றால் வடிவமைப்பவர் கண்ணுக்கு அவை தென்படுவதேயில்லை. சார்ஜ் ஏறுகிறது என்பதைச் சிவப்பு விளக்கு காட்டும், நிறைந்தால் பச்சையாக மாறும். பார்வையில்லாதவருக்கான கருவியில் இது மட்டுமே இருந்தால் என்ன பயன்? ஒரு சிறு ஒலியோ ஒரு சொல்லோ போதும். இன்னொன்று, விரலின் உணர்ச்சி. நீரிழிவால் பார்வை இழந்தவர்கள் பலருக்கு விரல் நுனியும் மரத்திருக்கும். பிரெய்ல் புள்ளிகளைத் தடவிப் படிப்பது அவர்களுக்குக் கடினம், தட்டையான மெல்லிய விசைகளும் சிரமம். விசை நன்றாக உள்ளே போய், “டக்” என்று தெரிய வேண்டும். பழைய மைக்ரோ யூஎஸ்பி ஒரு பக்கமாகத்தான் நுழையும். தவறான பக்கம் வைத்து அழுத்தினால் துளையே கெட்டுவிடும். யூஎஸ்பி-சி எப்படிச் செருகினாலும் ஏற்கும். பார்வையுள்ளவருக்கு இது சின்ன சௌகரியம். மரத்த விரல் கொண்டவருக்குக் கருவி எத்தனை வருடம் உழைக்கும் என்பதையே இது தீர்மானிக்கும்.

சரி, இப்போது இரண்டாவது அடுக்கான மென்பொருள். மாற்றுவது ஒப்பீட்டளவில் எளிது, அதனாலேயே இங்கே யோசனைகள் குவியும். இங்கே செய்யும் பொதுவான தவறு, சிக்கலைச் சொல்லாமல் தீர்வை மட்டும் சொல்வது.

எடுத்துக்காட்டாக உறக்க டைமர். இரவில் படுத்துக்கொண்டு புத்தகம் கேட்பவர்கள் ஏராளம். தூங்கிப்போனால் கருவி விடிய விடியப் படித்துக்கொண்டே இருக்கும். காலையில் கதை முடிந்திருக்கும், பேட்டரியும் தீர்ந்திருக்கும். அதனால்தான் 15, 30, 45, 60 நிமிடம் என்று டைமர் வந்தது. இப்போது ஒருவர் எழுதுகிறார்: “20 நிமிட டைமரும் சேர்க்கவும்.” ஏன் 20? அவர் சொல்லவில்லை. விசாரித்துப் பார்த்தால் விஷயம் இதுவாக இருக்கலாம்: பத்துப் பதினைந்து நிமிடத்தில் தூங்கிவிடுகிறார், 30 நிமிடம் வைத்தால் மறுநாள் எங்கே விட்டோம் என்று தெரியாமல் பின்னோக்கித் தேட வேண்டியிருக்கிறது, 15 வைத்தால் சில இரவுகளில் போதவில்லை. அவருடைய சிக்கல் 20 என்ற எண்ணில் இல்லை. தூங்கிய இடம் தெரியவில்லை என்பதில் இருக்கிறது. அதைச் சொல்லியிருந்தால் வடிவமைப்பாளருக்கு வேறு வழிகள் தோன்றியிருக்கும். டைமர் முடியும் முன் மெதுவாக ஒரு ஒலி எழுப்பி, விழித்திருப்பவர் விசையைத் தட்டினால் நேரத்தை நீட்டலாம். டைமரை அமுக்கிய இடத்தில் தானாகவே ஒரு குறி வைத்து, காலையில் ஒரே தட்டில் அங்கே திரும்பலாம். இது 20 நிமிட டைமரைவிட நல்ல தீர்வு, இல்லையா? தீர்வையும் தாராளமாகச் சொல்லலாம். ஆனால் கூடவே, என்ன செய்துகொண்டிருந்தபோது எங்கே தடுக்கியது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வேகம் இதற்கு இன்னொரு நல்ல சாட்சி. பழகிய காதுகள் சாதாரண வேகத்தைப் பொறுத்துக்கொள்வதில்லை. இரண்டு மடங்கு, மூன்று மடங்கு வேகத்தில் கேட்பவர்கள் நிறைய. கேசட் காலத்தில் வேகத்தைக் கூட்டினால் குரல் கீச்சென்று ஏறிவிடும், ஏனென்றால் நாடா வேகமாக ஓடினால் ஒலியலைகளும் நெருங்கிவிடும். “குரலைத் தடிமனாக்குங்கள்” என்று கேட்டிருந்தால் ஒரு திருகு கொடுத்து நிறுத்தியிருப்பார்கள். வேண்டியது வேகமாகக் கேட்கவும் வேண்டும், குரலும் மாறக் கூடாது என்பது. டிஜிட்டல் கருவிகள் ஒலியைச் சில மில்லிநொடித் துண்டுகளாக வெட்டி, திரும்பத் திரும்ப வரும் அலைகளில் சிலவற்றை விட்டுவிட்டு, மிச்சத்தை ஒன்றன்மேல் ஒன்று லேசாக ஏற்றி ஒட்டுகின்றன. நேரம் சுருங்கும், சுருதி அப்படியே இருக்கும்.

தமிழில் கேட்பவர்களுக்கு மூன்றாவது அடுக்கான குரல்தான் தலைவலி. தமிழ் எழுத்தில் ‘க’ ஒன்றுதான்; ‘கடல்’ என்பதில் ஒரு ஒலி, ‘தங்கம்’ என்பதில் வேறு, ‘பகல்’ என்பதில் இன்னொன்று. நம் சொற்களுக்கு இதற்கு விதி இருப்பதால் கருவி ஓரளவு சமாளிக்கும். ‘பஸ்’, ‘காந்தி’, ‘கோவிந்தன்’ என்று வந்தால் அது ஊகிக்க வேண்டும், ஊகம் தவறும். ‘கி.மு.’ என்பதை இரண்டு துண்டு எழுத்தாகப் படிக்கும். 1,25,000 என்பதை ஒன்று, இருபத்தைந்து, சைபர் என்று சிதறடிக்கும் குரல்களும் உண்டு. இப்படிப்பட்ட குறைகளைக் கருவி விற்பவரிடம் சொன்னால் அவர் குரல் செய்த நிறுவனத்தைக் கைகாட்டுவார். எந்தக் குரல் என்று தெரிந்துகொண்டு அங்கேயே சொல்வது நல்லது. ஈஸ்பீக் என்ற இலவசக் குரல் இயந்திரத்தில் இன்னும் நேரடியான வழி இருக்கிறது. அதன் தமிழ் உச்சரிப்பு விதிகள் வெறும் எழுத்துக் கோப்புகளாகத் திறந்தே கிடக்கின்றன. விருப்பமுள்ள தமிழர் யாரும் திருத்தி அனுப்பலாம்.

இன்னொரு தமிழ்ச் சங்கடம் பழைய எழுத்துருக்கள். யூனிகோடு என்ற பொதுக் குறியீட்டு முறை பரவுவதற்கு முன் பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புகள் இன்னும் ஏராளமாக உலவுகின்றன. திரையில் தமிழாகத் தெரியும், ஆனால் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளின் குவியல். கருவி அதை அப்படியே ஆங்கில எழுத்துகளாக உளறும். “உங்கள் கருவிக்குத் தமிழ் தெரியவில்லை” என்று எழுதுவதற்கு முன் அந்தக் கோப்பை யூனிகோடுக்கு மாற்றி ஒருமுறை போட்டுப் பார்த்துவிட வேண்டும். பாமினி கோப்புகளைத் தானே கண்டறிந்து மாற்றும் வசதி வேண்டும் என்று கேட்பதில் தவறில்லை. அது நியாயமான, தெளிவான கோரிக்கை. கேட்பவர் எண்ணிக்கை குறைவென்று தள்ளிவைக்கப்படலாம், அதனால் பலர் சேர்ந்து கேட்பது உத்தமம்.

எல்லோர் யோசனையையும் ஏற்றுக்கொண்டால் கருவி என்ன ஆகும்? கல்லூரி மாணவருக்குத் தாவல், தேடல், குறிப்பு எல்லாம் வேண்டும். எண்பது வயதுப் பாட்டிக்கு அமுக்கினால் படிக்க வேண்டும், அமுக்கினால் நிற்க வேண்டும், வேறெதுவும் வேண்டாம். இரண்டு பேரும் சொல்வது சரிதான். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் பார்வையற்றோர் சேவை 2009-ல் டிஜிட்டல் பேசும் புத்தகக் கருவிகளை இரவலாகக் கொடுக்கத் தொடங்கியபோது இதற்கு எளிய வழி கண்டது. ஒரே கருவியை இரண்டு வகையாகச் செய்தார்கள். சாதாரண வகையில் இயக்கம், ஒலியளவு, வேகம், உறக்கம் போன்ற சில விசைகள் மட்டும். மேம்பட்ட வகையில் கூடுதலாகப் புத்தகக்குறியும் தாவும் விசைகளும். வசதியைச் சேர்ப்பது பற்றிப் பேசும்போது, வேண்டாதவர் கையில் அது இடறாமல் இருக்கவும் வழி சொல்பவரின் யோசனைக்கு மதிப்பு கூடும். விசைகளின் இடத்தை மாற்றச் சொல்வது பற்றியும் இதையே சொல்வேன். விரலுக்குப் பழகிய இடம் மாறினால் பல வருடப் பயனர்கள் எல்லோரும் முதலிலிருந்து கற்க வேண்டும். மிகுந்த காரணம் இல்லாமல் அதைக் கேட்கக் கூடாது.

பயன்படுத்துகிறவர் சொல்லி நல்ல மாற்றம் வந்திருக்கிறதா என்றால், இந்தத் துறையின் அடிப்படையே அதுதான். பிரான்ஸில் சார்ல் பார்பியே என்ற முன்னாள் பீரங்கிப் படை அதிகாரி, தடவிப் படிக்கும் ஒரு முறையை உருவாக்கி 1820-களின் தொடக்கத்தில் பாரிஸ் பார்வையற்ற சிறுவர் பள்ளிக்குக் கொண்டுவந்தார். ஒரு கட்டத்துக்குப் பன்னிரண்டு புள்ளிகள், ஆறு வரிசை உயரம். அறிவான முறைதான், ஆனால் ஒரு விரல் நுனிக்குள் அடங்கவில்லை. மேலும் கீழும் தடவ வேண்டும். ஒலிகளைக் குறித்ததே தவிர எழுத்துக்கூட்டலுக்கு வழியில்லை. அங்கே படித்த லூயி பிரெய்ல் என்ற மாணவன் கட்டத்தை ஆறு புள்ளிகளாகச் சுருக்கி, எழுத்துகளுக்கே குறி கொடுத்தான். 1824-ல், பதினைந்து வயதில், அதன் முக்கிய வடிவம் தயாராகிவிட்டது. 1829-ல் புத்தகமாக வெளியிட்டான். பார்பியே கண்ணால் வடிவமைத்ததை விரலால் படித்தவன் திருத்தினான்.

அச்சிட்ட பக்கத்தைப் பார்த்து உரக்கப் படிக்கும் இயந்திரத்தை அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் ரே கர்ஸ்வைல் 1976-ல் அறிமுகப்படுத்தியபோதும் அப்படித்தான். அமெரிக்கப் பார்வையற்றோர் தேசியக் கூட்டமைப்பின் உறுப்பினர்கள் அதைச் சோதித்தார்கள், எப்படி இருக்க வேண்டும் என்று சொன்னார்கள். அன்று அது வாஷிங் மெஷின் அளவு. முப்பது வருடம் கழித்து, 2006-ல், அதே கூட்டமைப்போடு சேர்ந்து கையடக்க வடிவம் வந்தது. அதில் ஒரு வசதி உண்டு. படம் எடுக்கும் முன் பக்கத்தின் எந்தெந்த ஓரங்கள் கேமராவுக்குள் விழுகின்றன என்று கருவி சொல்லும். பார்வையுள்ளவருக்கு இப்படி ஒன்று தேவை என்றே தோன்றாது, அவர் பார்த்துச் சரிசெய்துகொள்வார். பக்கத்தைப் பார்க்க முடியாமல் படம் எடுப்பவருக்கு அது இல்லாமல் கருவியே இல்லை.

இந்தியாவில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. டெய்சி பிளேயர் பலருக்கு மத்திய அரசின் உதவிக்கருவித் திட்டம் வழியாகவோ தொண்டு நிறுவனம் வழியாகவோ கிடைக்கிறது. வாங்குபவர் ஒருவர், பயன்படுத்துபவர் இன்னொருவர். கடையில் காசு கொடுத்து வாங்கியவர் குறை சொல்வார், மாற்றித் தா என்பார். “இலவசமாகக் கொடுத்திருக்கிறார்கள், இதில் போய் நொட்டை சொல்வதா?” என்று பயனாளி வாயை மூடிக்கொள்வார். தயாரிப்பவர் காதில் விழுவது டெண்டர் போட்ட அலுவலகத்தின் குரல் மட்டும். இந்தக் கூச்சத்தை விட்டுவிட வேண்டும். கொடுத்த அலுவலகத்துக்கு ஒரு நகல், தயாரித்த நிறுவனத்துக்கு ஒரு நகல் என்று அனுப்புவதில் எந்த நன்றிகெட்டதனமும் இல்லை. 2016-ல் தொடங்கிய சுகம்ய புஸ்தகாலயா இணைய நூலகம் போன்றவற்றிலிருந்து எடுத்த புத்தகத்தில் குறை என்றால் அது நூலகத்துக்குப் போக வேண்டும்.

சரி, எழுதும் விதம். பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுதுவதாக வைத்துக்கொள்வோம்:

“என் கருவியின் மாடலும் மென்பொருள் பதிப்பும் மேலே கொடுத்திருக்கிறேன். வகுப்பில் ஆசிரியர் பக்க எண் சொல்லி அங்கே போகச் சொல்வார். நான் எண்ணைத் தட்டும்போது ஒவ்வொரு இலக்கத்தையும் கருவி உரக்கச் சொல்கிறது, வகுப்பே திரும்பிப் பார்க்கிறது. ஹெட்போன் போட்டால் ஆசிரியர் சொல்வது கேட்பதில்லை. இப்போது ஒலியை முழுக்கக் குறைத்துவிட்டுத் தட்டுகிறேன்; அடிக்கடி தவறான பக்கத்துக்குப் போய்விடுகிறது. விசை ஒலியை மட்டும் தனியாகக் குறைக்க முடிந்தால் உதவியாக இருக்கும். வேறு வழி இருந்தாலும் சரி.”

என்ன செய்கிறாள், எங்கே சிக்கல், இப்போது எப்படிச் சமாளிக்கிறாள், அது ஏன் போதவில்லை என்று எல்லாம் வந்துவிட்டது. இப்போது சமாளிக்கும் விதத்தைச் சொல்வது முக்கியம். இவ்வளவு சிரமப்பட்டு ஒருவர் ஒரு வேலையைச் செய்கிறார் என்றால் அந்த வேலை அவருக்குத் தேவையானது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். “உலகின் எல்லாக் கருவியிலும் இருக்கிறது, உங்களிடம் மட்டும்தான் இல்லை” என்ற வரியை மட்டும் தவிர்த்துவிடலாம். படிப்பவருக்கு எரிச்சல்தான் வரும். ஒரு கடிதத்தில் ஒரு யோசனை போதும்.

அனுப்புவதற்கு முன் கையேட்டை ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நல்லது. இந்தக் கருவிகளில் ஒரே விசை தட்டினால் ஒன்று, அழுத்திப் பிடித்தால் வேறொன்று செய்யும். கேட்ட வசதி அங்கே ஒளிந்திருக்கலாம். அப்புறம், சில நிறுவனங்களின் கருத்துப் படிவத்தில் படத்தில் உள்ள எழுத்தைத் தட்டச்சு செய்யச் சொல்லும் பூட்டு இருக்கும். பார்வையற்றோர் கருவிக்கான படிவத்திலேயே இப்படி இருந்தால் அதுவே முதல் யோசனை. மின்னஞ்சலில் ஒரு குரல் பதிவை இணைத்து அனுப்பிவிடுங்கள், கருவி உளறும் சத்தமும் அதில் விழுந்தால் இன்னும் நல்லது.